இரண்டாவது விண்ணப்பம் மறுப்புக் கடிதத்துக்கு எழுதும் பதில்

கேள்வி:

எனக்கு வயது 56. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. 19 வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன், என்னிடம் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மகளும் மருமகனும் பிரிட்டனில், லீட்ஸ் நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள். இன்னும் மூன்று மாதத்தில் மகளுக்குப் பிரசவம். கூட இருக்கலாம் என்று ஓர் ஏஜெண்ட் மூலம் விசிட்டர் விசாவுக்குப் போட்டேன், மறுத்துவிட்டார்கள். கணக்கில் பணம் போதாது என்று ஏஜெண்ட் சொன்னதால் மருமகன் தன் நண்பர் மூலம் கொடுத்த தொகையைக் கட்டியிருந்தேன். அதைத்தான் முதல் காரணமாக எழுதியிருக்கிறார்கள். கடை நடப்பதற்குச் சான்று போதவில்லை, ஐந்தரை மாதம் கடையை விட்டுவிட்டு வருவது நம்பும்படி இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக வருவதாகத் தெரிகிறது என்றும் இருக்கிறது. அப்பீல் செய்யலாமா? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? கடைசிப் பத்தியைப் படித்தால் இனிமேல் விசாவே கிடையாது என்பது போலத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2017-இல் அமெரிக்க விசா கேட்டுப் போனேன். 214(பி) என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போதைய விண்ணப்பத்தில் 'வேறு எந்த நாடும் மறுத்ததில்லை' என்று ஏஜெண்ட் போட்டிருக்கிறார். மகள் போன வாரம்தான் அதைப் பார்த்தாள். அவரிடம் கேட்டால், 'அதையே தொடர்வோம், மாற்றினால்தான் சந்தேகம் வரும். புது பாஸ்போர்ட் எடுத்துக்கலாம், முதலில் ஐரோப்பாவுக்கு ஒரு விசா வாங்கிக்கலாம்' என்கிறார். சின்னவன் கல்லூரி மூன்றாம் வருடம், என்னோடுதான் இருக்கிறான், இதை டைப் செய்வதும் அவன்தான். பிரசவத்துக்குப் போக முடியாமல் போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம், விண்ணப்பப் படிவத்தின் நகல், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் நிதானமாகப் படித்தேன். முதலில் ஒரு விஷயம். அந்த ஏஜெண்ட் நீட்டும் எதிலும் இனிக் கையெழுத்துப் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். அவர் சொல்லும் யோசனைகளில் ஒன்றுகூட உங்களுக்கு உதவாது. அதில் ஒன்று உங்களைப் பத்து வருடம் வெளியே நிறுத்திவிடக்கூடியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்திருக்கிறதா என்று படிவத்தில் தெளிவாகவே கேட்டிருக்கிறார்கள். அதற்கு 'இல்லை' என்று விழுந்திருக்கிறது. அதைக் குறித்தது ஏஜெண்ட்தான், ஆனால் கடைசியில் இருக்கும் உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது. பிரிட்டனின் குடியேற்ற விதிகளில், யாரை மறுக்கலாம் என்று சொல்லும் 'சூட்டபிலிட்டி' என்ற பகுதி ஒன்று உண்டு. 2025 நவம்பர் வரை ஒன்பதாம் பகுதி என்று இருந்ததன் இடத்தில் வந்தது அது. விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால், அது விண்ணப்பித்தவருக்குத் தெரியாமலே நுழைந்திருந்தாலும் மறுக்கலாம் என்று அது சொல்கிறது. தெரிந்தே ஏமாற்றினார் என்று அதிகாரி முடிவுக்கு வந்துவிட்டாலோ, மறுத்தே ஆக வேண்டும். அதோடு அடுத்த பத்து வருடத்துக்கு விசிட்டர் விசாவுக்கு நீங்கள் எத்தனை முறை போட்டாலும் மறுப்புதான் வரும். இந்தத் தடவை அந்த 'இல்லை'யை அவர்கள் பிடிக்கவில்லை. அடுத்த தடவையும் பிடிக்க மாட்டார்கள் என்று நம்பி, பேரக்குழந்தையின் முதல் பத்து வருடத்தைப் பணயம் வைக்க முடியுமா? அதுவும் இந்த முறை, பொய் என்று தெரிந்த பிறகு நீங்களே போடும் 'இல்லை'யாக அது இருக்கும். முதல் தவறுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

புது பாஸ்போர்ட் எடுத்தால் பழையது மறைந்துவிடும் என்பது இன்றைக்குச் செல்லாத கணக்கு. 2017-இல் அமெரிக்க அலுவலகத்தில் உங்கள் பத்து விரல்களையும் பதிவு செய்திருப்பார்கள். பிரிட்டனுக்கும் இப்போது கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பாஸ்போர்ட் எண் மாறலாம், கைரேகை மாறாது.

அதனால் புது விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போடுங்கள். இரண்டு மறுப்புகளையும் நாடு, வருடம், காரணத்தோடு எழுதுங்கள். கவரிங் லெட்டரில் தனிப் பத்தியாக நாலைந்து வரி போதும்: 2017-இல் அமெரிக்கா 214(பி) பிரிவில் மறுத்தது, முந்தைய பிரிட்டன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துவிட்டார், அனுப்பும் முன் நான் சரிபார்க்கவில்லை, தெரிந்தவுடன் இதில் திருத்துகிறேன் என்று. சரிபார்க்காதது உங்கள் தவறுதான், அதை அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். பழியை முழுக்க ஏஜெண்ட் மேல் தள்ளும் கடிதங்களை அதிகாரிகள் தினமும் படிக்கிறார்கள். ஆனால் ஏஜெண்டிடம் அமெரிக்க மறுப்பைப் பற்றி நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்களா? வாட்ஸப்பில் ஏதாவது செய்தி, ஒரு குரல் பதிவு, அந்த 214(பி) தாளை அவருக்கு அனுப்பிய போட்டோ, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மறைக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்த ஒரு பத்திக்காக மட்டும் பிரிட்டனில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடமோ, சொலிசிட்டர் என்று அங்கே சொல்லும் வழக்கறிஞரிடமோ மகளைப் பேசச் சொல்லுங்கள். அங்கே குடியேற்ற ஆலோசனை சொல்வதற்கு அனுமதி வேண்டும். சொலிசிட்டர்களுக்குத் தனி அமைப்பு உண்டு, மற்ற ஆலோசகர்களை இமிக்ரேஷன் அட்வைஸ் அதாரிட்டி என்ற அமைப்பு பதிவு செய்கிறது. 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்ற பெயரில் இருந்தது அதுதான். அதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் கட்டாயம் விசா கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பழைய 'இல்லை'யை அதிகாரி கண்டிப்போடு பார்க்கவும் இடம் இருக்கிறது. அதனால்தான் அந்த வரிகளை விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகு அனுப்பச் சொல்கிறேன்.

அமெரிக்க மறுப்பைச் சொல்ல நீங்கள் கூச்சப்படுவது கடிதத்தில் தெரிகிறது. கூச்சமே வேண்டாம். 214(பி) என்பது 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு. விசிட்டர் விசா கேட்டு வரும் ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அது முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. ஜன்னலுக்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் அதைக் காட்ட முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். அதில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது, அதை மறைத்தால்தான் குற்றமாகிறது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விகள்.

அப்பீல் கிடையாது. குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்பு முழு மேல்முறையீட்டு உரிமை இருந்தது, 2013 ஜூன் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ கேட்பது. அதற்கு அதிகாரி சட்டப்படி தவறு செய்திருக்க வேண்டும், செலவும் அதிகம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. வருத்தப்படாதீர்கள், ஆனால் அவர் முன்னால் இருந்த காகிதங்களை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தால் நானும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

காத்திருப்புக் காலம் என்று விதியில் எதுவும் இல்லை. சாதாரண மறுப்புக்குப் பிறகு மறுநாளே போடலாம். நீங்கள் பயந்துபோன கடைசிப் பத்தி, பிரிட்டன் மறுப்புக் கடிதங்களில் வழக்கமாக வருவது. இனிமேல் நீங்கள் போடும் விண்ணப்பங்கள் அதனதன் தகுதியில் பார்க்கப்படும், ஆனால் சூழ்நிலை மாறாவிட்டால் மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம் என்கிறது. அதைத் தடையாகப் படிக்காதீர்கள். 'மறுபடி வா, ஆனால் இதையே கொண்டு வராதே' என்று படியுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கோபம் இருந்தால்தானே தணிய! மாற வேண்டியது காகிதத்தில் இருக்கும் விவரம். அது மூன்று வாரத்தில் மாறினால் மூன்று வாரம் போதும், மாறாவிட்டால் மூன்று வருடம் ஆனாலும் பயனில்லை.

ஒரு விதத்தில் உங்களுக்கு வசதிதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் மறுப்பு பெரும்பாலும் அச்சடித்த படிவம், காரணத்துக்கு எதிரே கட்டத்தில் ஒரு குறி மட்டும் இருக்கும். கனடா 2025 ஜூலை கடைசியில்தான் அதிகாரியின் குறிப்புகளை மறுப்புக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டன் கடிதத்திலோ எது நம்பும்படி இல்லை, ஏன் இல்லை என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை ஒரு கேள்வித்தாள் போல எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதற்குப் பதில் சொல்லும் காகிதம் எது என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத வாக்கியம் ஒன்று மிஞ்சினாலும் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

பணத்தை முதலில் பார்ப்போம். உங்கள் ஸ்டேட்மென்டில் விரல் வைத்து மேலிருந்து கீழே இறங்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வரவு, ஏறக்குறைய ஒரே அளவில். மாதத்தின் முதல் வாரத்தில் மூன்று பேருக்குச் சம்பளம் போகிறது, மூன்று பெயர்களும் மாதாமாதம் அதே பெயர்கள். நடுவில் இரண்டு மாதம் சனிக்கிழமை வரவு இரட்டிப்பாகிறது, பள்ளி திறக்கும் முன் சீருடை தைக்கும் பருவம் என்று நினைக்கிறேன். நூல், துணி வாங்கிய செலவும் அப்போது ஏறுகிறது. பிறகு கடைசிப் பக்கம். விண்ணப்பம் போட்டதற்குப் பதினோரு நாள் முன்பு, ரொக்கமாக, ஒரே தொகையாக ஒரு வரவு. அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் உங்கள் கணக்கில் இருந்த அதிகபட்ச இருப்பைப் போல எட்டு மடங்கு. எதிரே விவரம் எதுவும் இல்லை.

அம்மா, அந்தச் சனிக்கிழமை வரவுகள்தான் உங்களுடைய மிகப் பெரிய சான்று. 19 வருடம் ஒருத்தி காலால் மிதித்து நடத்திய தொழில் அதில் வாரா வாரம் தெரிகிறது. அந்த ஒரு ரொக்க வரவு அத்தனையையும் மறைத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அதிகாரி மேலே இருக்கும் சனிக்கிழமைகளைப் படித்திருக்கவே மாட்டார். இவர் வருமானம் இவ்வளவு, இந்தத் தொகை எங்கிருந்து வந்தது, இது இவருடையதுதானா, மற்ற காகிதங்களையாவது நம்பலாமா என்று அவர் மனம் அந்தப் பக்கமே போயிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், அந்தப் பணம் தேவையே இல்லை. விசிட்டர் விதிகளில் 4.3 என்ற பத்தி, வருகிறவரின் செலவை இன்னொருவர் ஏற்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவருக்கும் உங்களுக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும், அவர் அங்கே சட்டப்படி இருக்க வேண்டும், செலவு செய்ய அவரால் முடியும், செய்வார் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். மருமகன் தன் பணத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டு 'அத்தையின் பயணச் செலவு என்னுடையது' என்று எழுதியிருந்தால் போதும். சுற்றி வளைத்து உங்கள் கணக்குக்குக் கொண்டுவந்ததில், நேர்மையான பணம்கூடச் சந்தேகப் பணம் ஆகிவிட்டது.

புது விண்ணப்பத்தில் அந்த வரவை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அது இன்னும் ஸ்டேட்மென்டில் இருக்கும். மருமகன் நண்பருக்கு அனுப்பியதற்கான பேங்க் பதிவு, நண்பர் கையெழுத்திட்ட சிறு கடிதம், நீங்கள் கட்டிய சலான் மூன்றும் வேண்டும். செலவாகாமல் இருந்தால் அந்தத் தொகையை பேங்க் மூலமாகவே திருப்பி அனுப்பிவிடுங்கள், ரொக்கமாக எடுக்காதீர்கள். அப்புறம் மருமகனின் சம்பளச் சீட்டுகள், அவருடைய ஸ்டேட்மென்ட், அவர்கள் இருவரும் அங்கே இருக்க அனுமதி பெற்றதற்கான சான்று, வீட்டு ஒப்பந்தம், உங்கள் மகள்தான் என்பதற்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். அழைப்புக் கடிதத்தில் உருக்கம் வேண்டாம். யார், எத்தனை நாள், எங்கே தங்குவார், எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது இருந்தால் போதும்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மருமகனின் சம்பளச் சீட்டு பணத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் பதில். நீங்கள் திரும்பி வருவீர்களா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் சரி. அதற்குப் பதில் உங்கள் கடையிலும் உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

கடைக்கு என்ன அனுப்பியிருந்தீர்கள் என்று பார்த்தேன். கடை வாசலின் நான்கு போட்டோ, ஒரு விசிட்டிங் கார்டு, ஆர்டர் நோட்டின் இரண்டு பக்கங்கள். அந்தப் பக்கங்கள் தமிழிலேயே போயிருக்கின்றன. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும் என்பது விதி. மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதி போட்டு, பெயரும் கையெழுத்தும் தொடர்பு விவரமும் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் போன நோட்டு, அதிகாரிக்கு வெற்றுத் தாள்தான். உங்கள் கையெழுத்தில் அளவும் பெயரும் வாங்கிய முன்பணமும் வரிசையாக இருக்கும் அந்த நோட்டு எனக்கு உயிருள்ள சான்றாகத் தெரிந்தது, ஏனென்றால் என்னால் படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆறு மாதத்தில் மாதத்துக்கு ஒரு பக்கம் எடுங்கள், அந்தந்த வாரச் சனிக்கிழமை வரவோடு தொகை பொருந்தும் பக்கமாகப் பாருங்கள். கூடவே கடை வாடகை ஒப்பந்தம், தொழில் பதிவு, வரிக் கணக்கு தாக்கல் செய்த நகல்கள், கடை முகவரிக்கு வரும் மின் கட்டண ரசீது. சம்பளம் பேங்க் மூலம் போவதால் அந்த மூன்று பெயர்களை ஸ்டேட்மென்டில் அடிக்கோடிட்டு, கடை ஊழியர்கள் என்று பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் கடையை யார் பார்த்துக்கொள்வார் என்று மூத்த ஊழியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்.

காகிதம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னூறு பக்கக் கோப்போடு என்னைப் பார்க்க வந்தவர்கள் உண்டு. அதில் கேள்விக்கான பதில் இருபது பக்கத்தில் இருக்கும், அந்த இருபதும் மற்றதற்குள் புதைந்து கிடக்கும். விசிட்டர் விசாவுக்குப் பெரும்பாலும் நேர்காணல் கிடையாது, காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு. தேடிப் படிக்க அதிகாரிக்கு நேரம் இருக்காது.

இனி வருவது வெறும் காகித வேலை இல்லை, திட்டத்தையே மாற்ற வேண்டிய இடம். ஐந்தரை மாதம். விசிட்டராக ஆறு மாதம் வரை தங்கலாம் என்பது உண்மைதான், அதற்காக அத்தனையும் கேட்க வேண்டியதில்லை. கடையை நம்பித்தான் வாழ்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் அந்தக் கடையை ஐந்தரை மாதம் விட்டுவிட்டு வருகிறேன் என்றால் இரண்டில் ஒன்று பொய் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். உங்கள் கடை எத்தனை வாரம் நீங்கள் இல்லாமல் ஓடும்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆறு வாரமா, ஏழு வாரமா? அதைக் கேளுங்கள். சீருடைப் பருவத்துக்கு முன்னால் திரும்பிவிடுவேன் என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். அதைவிட நம்பும்படியான திரும்பும் தேதி இல்லை. விசா ஆறு மாதத்துக்குக் கிடைத்தாலும் சொன்ன நாளை ஒட்டியே திரும்புங்கள். அடுத்த தடவை, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, நீங்கள் போடும் விண்ணப்பத்தில் அது பேசும்.

அடுத்தது, ஏஜெண்ட் எழுதிய பயண நோக்கம்: மகள் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ஒரு தாய்க்கு இதில் தவறாக எதுவும் தெரியாது. ஆனால் விசிட்டராக வருகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது. நெருங்கிய உறவினர் குடும்பத்தைப் பார்க்க வந்த இடத்தில், கொஞ்ச நாள் குழந்தையைக் கவனித்துக்கொள்வதை அவர்கள் வேலையாகக் கருதுவதில்லை. சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்க வேண்டிய இடத்தில், மாதக்கணக்கில் பாட்டி வந்து நிற்பதாகத் தெரிந்தால் பார்வை மாறிவிடும். இங்கே வார்த்தையை மட்டும் மாற்றி எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும் காலத்தையே மாற்றுங்கள். மகள் விடுப்பில் வீட்டில் இருக்கும்போது போங்கள். பிரிட்டனில் மகப்பேறு விடுப்பு 52 வாரம் வரை எடுக்கலாம். அவளுடைய அலுவலகத்திலிருந்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு என்று ஒரு கடிதம் வாங்கிச் சேருங்கள். அந்தத் தேதிகளுக்குள் உங்கள் ஆறேழு வாரம் அடங்கிவிட்டால், குழந்தையைப் பார்க்க ஆள் வருகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. பெற்ற மகளின் பக்கத்தில் இருக்க அம்மா வருகிறாள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சின்னவன் கல்லூரி மூன்றாம் வருடம், என்னோடுதான் இருக்கிறான். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். விண்ணப்பம் முழுக்கத் தேடினேன், அவன் எங்குமே இல்லை. உங்கள் வருமானத்தை நம்பி இருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு 'யாரும் இல்லை' என்று போட்டிருக்கிறார் ஏஜெண்ட். காகிதத்தில் நீங்கள், கணவரை இழந்து, ஒரே மகளும் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் பெண். அப்படி ஒருவர் ஏன் திரும்பி வர வேண்டும் என்று அதிகாரி நினைத்ததில் என்ன ஆச்சரியம்? படிப்பு முடியாத மகன் வீட்டில் இருக்கிறான், அவன் கட்டணத்தை நீங்கள் கட்டுகிறீர்கள். கல்லூரியிலிருந்து அவன் படிப்பதற்கான சான்று, நீங்கள் கட்டணம் கட்டிய ரசீதுகள், இருவரும் ஒரே முகவரியில் இருப்பதைக் காட்டும் ஏதாவது ஒரு காகிதம், மூன்றையும் முன்னால் வையுங்கள். இந்தக் கடிதத்தை டைப் செய்துகொண்டிருக்கும் தம்பி, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த முறை படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அம்மாவுக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, அவர் சரி என்ற பிறகு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

ஐரோப்பா யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷெங்கன் விசா விதிகளில், முந்தைய மறுப்பு ஒன்று இருப்பதாலேயே புது விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. ஆனால் இதே பேங்க் ஸ்டேட்மென்டும் இதே கடைச் சான்றும் அங்கேயும் போகும், இதே கேள்விகள் அங்கேயும் வரும். பார்க்க ஆசைப்படாத நாட்டுக்குப் பொய்யாக ஒரு சுற்றுலாத் திட்டம் எழுதிப் போட்டு, அதுவும் மறுக்கப்பட்டால் உங்கள் படிவத்தில் எழுத மூன்றாவது மறுப்பு சேரும்.

நாட்கணக்கு இப்படிப் போகலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். காகிதங்களைச் சேர்க்கவும் அந்தப் பத்தியை ஆலோசகரிடம் காட்டவும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு போய் இறங்குவது போலத் தேதி போடுங்கள். முடிவு வரும் வரை டிக்கெட் வாங்காதீர்கள், உத்தேசத் தேதி மட்டும் போதும். ஒருவேளை தாமதமாகி, குழந்தை பிறந்த பிறகுதான் போக முடிந்தாலும், மகள் அப்போதும் விடுப்பில்தான் இருப்பாள். கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும், பழையது திரும்ப வராது. விரல்பதிவுக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய பைல்களில் அந்த 214(பி) தாளைத் தேடி எடுங்கள். கூடவே ஏஜெண்டோடு பேசிய வாட்ஸப் செய்திகளை அழியாமல் சேமித்து வைக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். அது கையில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், கவரிங் லெட்டரை நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.